மூக்குப்பொடிக் குப்பியின் வயது

கொல்கத்தா நகரில் லால்பஜார் காவல்துறைத் தலைமை அலுவலகத்துக்கு அருகில் டிரெட்டா பஜார் என்னும் பகுதி உள்ளது. சீனர்கள் அந்நகரில் திரளாகக் குடியேறிய பழைய இடம் அதுவே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆச்சியூ என்னும் சீனர் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்று, ஹூக்ளி ஆற்றங்கரையில் கரும்பு பயிரிட்டுச் சர்க்கரை ஆலை ஒன்றை நிறுவினார். அவ்வூர் இன்றும் அவர் பெயரால் அச்சிப்பூர் என்றே வழங்கிவருகிறது. அவருக்குப் பின்னர்த் தச்சரும் செருப்புத் தைப்போரும் தோல் பதனிடுவோரும் வந்து சேர்ந்தனர். கல்கத்தாவிலிருந்து கான்டன் துறைமுகத்துக்கு அபினி ஏற்றிச் சென்ற கப்பல்களும் திரும்புகையில் சீனப் பொருள்களைக் கொண்டுவந்தன. 1962-ஆம் ஆண்டின் எல்லைப் போருக்குப் பின்னர்ப் பல சீனக் குடும்பங்கள் நகரை விட்டு வெளியேறின. ஆகவே, அந்நகரின் பழம்பொருள் கடைகளில் சீன நாட்டுச் சிறு பொருள்கள் கண்ணில் படுவதில் வியப்பில்லை.

அத்தகைய பொருள்களுள் ஒன்று மூக்குப்பொடிக் குப்பி. நம் நாட்டில் பொடி போடுவோர் காய்ந்த மட்டையிலோ தகர டப்பியிலோ பொடியை வைத்துக்கொண்டனர். சீனாவில் அதற்கென உள்ளங்கையில் அடங்கும் சிறு குப்பியைக் கண்ணாடியிலும் பச்சைக்கல்லிலும் பீங்கானிலும் செய்தனர். மூடியோடு சேர்ந்த சிறு கரண்டியால் பொடியை எடுப்பார்கள். வெண்ணிறக் கண்ணாடியின் மேல் செந்நிறக் கண்ணாடியைப் போர்த்தி, மேலுறையைச் செதுக்கி, பூவும் பறவையும் புடைத்து நிற்கச் செய்த ஒரு குப்பி கடையொன்றில் இருப்பதாகக் கொள்வோம். அடிப்பாகத்தில் நான்கு சீன எழுத்துகள் உள்ளன. அவை சியென்லுங் பேரரசர் காலத்தைக் குறிப்பன. அஃதாவது 1736 முதல் 1795 வரையுள்ள காலம். கடைக்காரர் எழுத்தைக் காட்டி விலை சொல்கிறார். அவர் கூறுவது உண்மைதானா?

இது பொருள் சேகரிப்போருக்கு மட்டும் உரிய வினா அன்று. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழைமையுடைய கைவினைப் பொருள் தொல்பொருளாகும். தனியார் எவரும் அதனை வெளிநாட்டுக்கு அனுப்புதல் ஆகாது. ஒரு பொருள் தொல்பொருள் அன்று என்று சான்றளிக்கும் பொறுப்பு இந்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்தது. சுங்கச் சாவடியில் நிற்கும் அலுவலர் முன்னிலையிலும், நன்கொடையாக வந்த பழங்குப்பியைப் பள்ளிக் காட்சிப் பேழையில் வைத்துச் சீட்டு எழுத வேண்டிய ஆசிரியர் முன்னிலையிலும் எழுவது ஒரே வினாவே.

வரலாற்றைச் சிறிது நோக்குவோம். சீனர் கண்ணாடி செய்யத் தொடங்கியது மிகப் பழங்காலத்தில். ஈயமும் பேரியமும் கலந்த கண்ணாடி கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்குச் செய்யப்பட்டது. எனினும் அரண்மனைக்கென ஒரு கண்ணாடித் தொழிற்கூடம் பீகிங் நகரில் ஏற்பட்டது 1696-இல்தான். காங்ஷி பேரரசர் அதனை நிறுவினார். கிலியன் ஸ்டும்ப் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் அதனை நடத்தினார். அங்குச் செய்த தொடக்ககாலக் கண்ணாடியில் சுண்ணாம்புச் சத்து போதாமையால், பல பொருள்கள் பின்னர் உள்ளேயே நுண்ணிய வெடிப்புகள் கண்டு மங்கிப்போயின. சியென்லுங் காலத்தில் இக்குறை பெரிதும் நீங்கியது. சீனத்துக் கண்ணாடிக் கலை உச்சநிலை எய்தியது அக்காலத்தில் எனக் கருதப்படுவதால், பிற்காலத்தார் அப்பேரரசரின் முத்திரையைத் தம் குப்பிகளில் தாராளமாகப் பொறித்தனர். சிலர் முன்னோரைப் போற்றும் கருத்தோடு பொறித்தனர். சிலர் ஏமாற்றும் கருத்தோடு பொறித்தனர். எழுத்தைப் பார்த்து இருவரையும் பிரித்தறிய இயலாது.

எழுத்து உதவாதெனில் சோதனைச்சாலை உதவாதா? மரத்துண்டின் வயதைக் கதிரியக்கக் கார்பனைக் கொண்டு கணிக்கின்றனர். சுட்ட மண்பாண்டத்தின் வயதை, அதிலுள்ள படிகத் துகள்கள் சூடேற்றும்போது விடும் ஒளியைக் கொண்டு கணிக்கின்றனர். கண்ணாடியோ உருகிக் குளிர்ந்த மணலும் காரமும். அதில் உயிர்ப்பொருளின் கார்பனும் இல்லை, ஒழுங்கான படிகமும் இல்லை. 1961-இல் அமெரிக்க அறிஞர் ராபர்ட் பிரில் என்பாரும் அவருடன் ஆய்ந்தவரும் ஒரு புதிய வழியை வெளியிட்டனர். மண்ணில் புதைந்த கண்ணாடியின் மேல் படியும் பொருக்கில் மரத்தின் வளையங்களைப் போன்ற மெல்லிய அடுக்குகள் உள்ளன என்றும், சில துண்டுகளில் அவற்றின் எண்ணிக்கை புதைந்திருந்த ஆண்டுகளோடு ஒத்துவருகிறது என்றும் அவர்கள் கண்டனர். ஆனால் எல்லாத் துண்டுகளிலும் கணக்கு ஒத்துவரவில்லை. அன்றியும், கைமாறிக் கைமாறி வந்த பொடிக் குப்பி மண்ணில் கிடந்ததே இல்லை; அதில் எண்ணுவதற்குப் பொருக்கு ஏது?

குப்பிக்குள் ஒட்டியிருக்கும் பழைய பொடி புகையிலைத் தூள்தானே, அதில் கார்பன் உண்டே என்று கேட்கலாம். கேள்வி நல்லதுதான். எனினும் 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கார்பன் கணக்கு வளைந்து நெளிந்து செல்வதால், ஒரே அளவுக்குப் பல ஆண்டுகள் விடையாக வருகின்றன. அவ்விடை கிடைத்தாலும் அது கடைசியாகப் பொடி நிரப்பியவரின் காலமேயன்றிக் குப்பி செய்தவரின் காலம் ஆகாது.

ஆகவே கண்ணாடிக்குப் பிறந்த நாள் கணிக்கும் கருவி இல்லை. எஞ்சியிருப்பது வேறு வகை வழக்கு. ஒரு நிலப் பத்திரத்தில் நயா பைசா என்ற சொல் வருமாயின், அதில் 1890 என்று தேதியிட்டிருந்தாலும், அது 1957 ஏப்ரலுக்கு முன்னர் எழுதப்பட்டிருக்க முடியாது என்று எவரும் கூறுவர். அச்சொல் இல்லாமையால் பத்திரம் பழையது என்று ஒருவரும் கூறார். பொய்ப்பத்திரம் எழுதியவன் கவனமாக இருந்திருக்கலாம். கண்ணாடி பற்றிய ஆராய்ச்சியும் இவ்வாறே ஒரு திசையில் மட்டும் உறுதியாகச் செல்கிறது. புதிய பொருள் ஒன்று காணப்படின் பழைமை வாதம் தோற்கிறது. காணப்படாவிடின் பழைமை வாதம் வென்றுவிட்டது என்பதில்லை. இன்னும் தோற்கவில்லை என்பது மட்டுமே.

கண்ணாடியில் நயா பைசாவைப் போன்ற சொற்கள் யாவை? நிறம் ஊட்டும் தனிமங்களே. யுரேனியத்தை 1789-இல் ஜெர்மானிய ரசாயனி கிளாப்ரோத் கண்டறிந்தார்; கண்ணாடிக்கு மஞ்சளும் பச்சையும் ஊட்ட அது பெருவழக்காகப் பயன்பட்டது 1830-களிலிருந்து. புற ஊதாக் கதிர் விளக்கின் கீழ் அக்கண்ணாடி பளிச்சென்ற பச்சை ஒளி விடும். ஆதலின் அவ்வாறு ஒளிரும் மஞ்சள் குப்பியில் சியென்லுங் முத்திரை இருப்பின் முத்திரை பொய். ஆனால் மாங்கனீஸ் கலந்த சில கண்ணாடிகளும் மங்கிய பச்சை ஒளி தருவதால், விளக்கை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறுதல் தகாது. குரோமியம் 1797-இல் அறியப்பட்டது. அதனால் பச்சை நிறம் பெற்ற கண்ணாடி 19-ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதன்று. காட்மியம், செலினியம் ஆகிய இரண்டும் 1817-இல் அறியப்பட்டன. இவை சேர்ந்து தரும் பளபளப்பான சிவப்பு கண்ணாடித் தொழிலுக்கு வந்தது 1890-களில்.

சிவப்பு நிறத்தைப் பற்றிச் சற்று விரித்துக் கூற வேண்டும். ஏனெனில் கொல்கத்தாவுக்கும் அந்நிறத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கண்ணாடியைச் சிவப்பாக்கும் வழிகள் முக்கியமாக மூன்று. செம்பு தரும் சிவப்பு மிகத் தொன்மையானது; புதுச்சேரிக்கு அண்மையில் அரிக்கமேட்டில் கிடைக்கும் செங்கல் நிறக் கண்ணாடி மணிகள் செம்பினால் நிறம் பெற்றவை. பொன் தரும் இளஞ்சிவப்பு 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் யோகான் குங்கல் என்பவரால் தொழிலாக வளர்ந்து, பாதிரிமார் காலத்தில் சீனத்தையும் எட்டியது. மூன்றாவது, மேலே கூறிய செலினியச் சிவப்பு. பொன்னும் செம்பும் கண்ணாடியில் கரைவதனால் மட்டும் நிறம் தோன்றுவதில்லை. கண்ணாடியை ஆறவிட்டு மீண்டும் சூடேற்றும்போது, மில்லிமீட்டரில் லட்சத்தில் சில பங்கு அளவேயுள்ள நுண்துகள்களாக அவை திரள்கின்றன. அத்துகள்களே பச்சை ஒளியை விழுங்கிச் சிவப்பைக் கடக்க விடுகின்றன.

கொல்கத்தாவின் தென்பகுதியான யாதவ்பூரில் மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் 1950 ஆகஸ்டு 26-இல் திறக்கப்பட்டது. 1952 முதல் 1966 வரை அதன் இயக்குநராக இருந்த டாக்டர் ஆத்மாராம் செம்புச் சிவப்பைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தவர். அந்நிறத்துக்குக் காரணம் உலோகச் செம்பின் துகள்களே என்று பலர் கருதியிருக்க, குப்ரஸ் ஆக்ஸைடின் துகள்களே காரணம் என்று அவர் வாதித்தார். இவ்வாதம் வெறும் ஏட்டு வாதமன்று. சிவப்பு வளையலுக்கும் அடையாள விளக்கின் கண்ணாடிக்கும் வேண்டிய செலினியத்தை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக மலிவான செம்பைக் கையாள அவர் ஆராய்ச்சி வழி காட்டியது. 1959-இல் அவருக்குப் பட்நாகர் பரிசு கிடைத்தது.

இதனால் பொடிக் குப்பி ஆராய்வோர் கற்கும் பாடம் தெளிவானது. செலினியம் காணப்படின் குப்பி 1890-க்குப் பிற்பட்டது. செம்பு காணப்படின் ஒன்றும் பெறப்படுவதில்லை. அரிக்கமேட்டு மணியிலும் செம்பு, யாதவ்பூர் ஆய்வைப் பின்பற்றிச் செய்த வளையலிலும் செம்பு. ஒளி புகும் கண்ணாடியாயின், பள்ளியிலுள்ள சிறு நிறமாலைகாட்டியே ஓரளவு உதவும். பொன் சிவப்பினூடே நோக்கினால் சிவப்போடு நீலத்திலும் ஒரு பகுதி தென்படும். ஆகையால்தான் அது ரோஜா நிறச் சாயல் கொள்கிறது. செலினியச் சிவப்போ பச்சையையும் நீலத்தையும் கத்தியால் அறுத்ததுபோல் அறவே நீக்கிவிடும். செம்பின் நிறமாலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கண்ணால் துணிந்து கூறுதல் அரிது.

கண்ணால் துணிய முடியாததைத் துணியும் முறை ஒன்று, டிரெட்டா பஜாரிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே பிறந்தது. பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில் அக்காலத்தில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில், 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் சந்திரசேகர வேங்கட ராமன் தம் பெயரால் விளங்கும் விளைவைக் கண்டறிந்தார். ஒரே நிற ஒளியைப் பொருளின் மேல் செலுத்தினால், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. அம்மாற்றத்தின் அளவு பொருளுக்குப் பொருள் வேறுபடும். அன்று பாதரச விளக்கைக் கொண்டு செய்த சோதனையை இன்று லேசர் ஒளி கொண்டு, நுண்நோக்கி வழியே, குப்பியைச் சுரண்டாமலும் உடைக்காமலும் செய்யலாம். காட்மியம், செலினியம் சேர்ந்த சிவப்புத் துகள் தனக்கே உரிய கோடுகளைக் காட்டும். வெண்ணிறக் கண்ணாடியை ஒளிபுகாததாக்கச் சேர்த்த பொருள் கால்சியம் புளோரைடா, ஈயமும் பாஷாணமும் சேர்ந்த கூட்டுப் பொருளா என்பதையும் கூறும். ஈயம் மிகுந்த கண்ணாடியையும் சோடாக் கண்ணாடியையும் பிரித்துக் காட்டும்.

கையில் ஏந்திச் செல்லும் எக்ஸ்-கதிர்க் கருவிகளும் இப்பொழுது பல நிலையங்களில் உள்ளன. சில நொடிகளில் தனிமங்களின் பட்டியல் வந்துவிடுவதால் அவற்றின்மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை பிறப்பது இயல்பு. சோடியத்தை அவை பெரும்பாலும் காண்பதில்லை. மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய பகுதியையே படிக்கின்றன. காற்றின் ஈரத்தால் காரம் கசிந்து வெளியேறிய மேற்பரப்பு, உள்ளிருக்கும் கண்ணாடியின் உண்மையான சேர்க்கையைக் காட்டாது. கருவி பொய் சொல்வதில்லை. தோலைக் கேட்டுவிட்டுச் சதையைப் பற்றி எழுதுவோரே பிழை செய்கின்றனர்.

பள்ளி ஆய்வகத்தில் செய்யத்தக்க ஒரு சோதனை ஒப்படர்த்தி காணல். மூடியை நீக்கிக் குப்பியைக் காற்றில் நிறுத்து, பின் உட்குழிவில் காற்றுக் குமிழி தங்காதவாறு நீரில் மூழ்கச் செய்து நிறுக்க வேண்டும். காற்றில் 90 கிராமும் நீரில் 60 கிராமும் இருப்பின், குறைவு 30, ஒப்படர்த்தி 3.0. சாதாரண சோடாக் கண்ணாடியின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 2.5 ஆதலால், இதில் ஈயம் கலந்துள்ளது எனலாம். ஈயம் இருப்பது பழைமைக்குச் சான்றன்று. ஆயினும் அடுத்து எதனைத் தேட வேண்டும் என்பதற்கு வழிகாட்டும். இச்சோதனையை எல்லாக் குப்பிக்கும் செய்துவிடக் கூடாது. வளைந்த தூரிகையால் உட்புறத்தில் ஓவியம் தீட்டிய குப்பிகள் உண்டு. அவற்றுள் நீர் புகுந்தால் ஓவியம் கரைந்துபோகும். மேற்பரப்பு பிசுபிசுப்பாகவோ, உள்ளே நுண்வெடிப்புடனோ உள்ள குப்பியையும் நீரில் இடலாகாது.

கண்ணால் பார்த்து அறிபவை சில உள. கண்ணாடியில் குமிழி இருந்தால் பழையது என்பது கடைத்தெருவில் வழங்கும் சொல். அது சரியன்று. இன்று ஊதிச் செய்யும் கண்ணாடியிலும் குமிழி உண்டு. பழங்காலத்தில் பனித்துளி போன்ற தோற்றத்துக்காகவே குமிழிகளை வேண்டுமென்று விட்டதும் உண்டு. அடிவளையத்தின் தேய்மானத்தைக் கைக்கண்ணாடி கொண்டு நோக்குவது பயன் தரும். பல்லாண்டுகள் மேசையில் வைத்தெடுத்த குப்பியின் கீறல்கள் பல திசைகளில், ஆழம் வேறுபட்டு, பொருள் தரையைத் தொடும் இடத்தில் மட்டும் காணப்படும். உப்புத்தாள் கொண்டு தேய்த்த கீறல்கள் ஒரே திசையில் ஓடும். தரையைத் தொடாத குழிவிலும் இருக்கும். செதுக்கு வேலையில் சாணைச் சக்கரம் கூரிய விளிம்புகளை விட்டுச் செல்கிறது. அமிலத்தால் அரித்துச் செய்த வேலையில் விளிம்புகள் உருகிய மெழுகுபோல் மழுங்கியிருக்கும். இரு பக்கமும் மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய கோடு அச்சில் வார்த்ததற்கு அடையாளம். மூடியை வைத்துக் குப்பியின் வயதைக் கூறுவது வீண். மூடிகள் தொலைந்து மாற்றப்படுவதே வழக்கம்.

உள்ளோவியக் குப்பிகளுக்கு மட்டும் ஒரு நற்பேறு உண்டு. இக்கலை 19-ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. சௌ லேயுவான், மா ஷாவோசுவான் போன்ற பீகிங் ஓவியர் தம் பெயரையும் ஆண்டையும் உள்ளே எழுதினர். ஆனால் அவர்கள் எழுதிய ஆண்டு அறுபது ஆண்டுச் சுழற்சியைச் சேர்ந்தது. நம் பிரபவ முதலிய ஆண்டுகளைப் பின்பற்றும் தமிழர்க்கு இதில் உள்ள இடர்ப்பாடு சொல்லாமலே விளங்கும். சர்வதாரி என்று மட்டும் எழுதிய ஓர் ஓலை 1888-ஐயும் குறிக்கலாம், 1948-ஐயும் குறிக்கலாம், 2008-ஐயும் குறிக்கலாம். சீனக் குப்பியிலும் அவ்வாறே. எந்தச் சுற்று என்பதைத் தூரிகையின் நடையும் வண்ணத்தின் ரசாயனமும் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும்.

முதலில் கூறிய சிவப்புக் குப்பிக்குத் திரும்புவோம். மேலுறையில் செலினியமும் காட்மியமும் உள்ளன என்று சோதனை காட்டிற்று எனக் கொள்வோம். சியென்லுங் முத்திரை பொய்யென்பது அத்துடன் முடிந்துவிடுகிறது. முத்திரைக்கும் கண்ணாடிக்கும் இடையே ஏறத்தாழ நூறு ஆண்டு இடைவெளி உள்ளது. கடைக்காரர் கூறிய விலையும் அத்துடன் சரிந்துவிடும். ஆயினும் சட்டம் கேட்பது வேறு வினா. அக்குப்பி 1900-இல் செய்யப்பட்டிருப்பின், முத்திரை போலியே ஆயினும், அது இன்று நூறு ஆண்டு கடந்த பொருள். தொல்பொருள் என்னும் வரம்புக்குள் அடங்கும். 1950-இல் செய்யப்பட்டிருப்பின் அடங்காது. செலினியம் இவ்விரண்டையும் பிரிக்காது. போலி எனச் சோதனைச்சாலை எழுதிய ஒரு சொல்லை மட்டும் படித்துவிட்டு, ஏற்றுமதிக்குத் தடையில்லை என்று கோப்பை முடிப்பது பெரும் பிழையாக முடியலாம். அறிக்கை எழுதுவோர் குப்பி எவ்வாண்டுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்பதையும், எவ்வாண்டுக்குப் பிற்பட்டதாக இருக்க முடியாது என்பதற்குச் சான்று உண்டா என்பதையும் தனித்தனியே குறிப்பது நலம். இரண்டாவதற்குச் சான்று பெரும்பாலும் கண்ணாடியில் கிடைப்பதில்லை. பழைய ரசீது, குடும்பத்தின் சொத்துப் பட்டியல், ஆண்டு தெரிந்த நிழற்படம் ஆகியவற்றிலேயே கிடைக்கும். இக்காரணத்தால் குப்பியோடு வரும் காகிதத்தைக் குப்பியைப்போலவே பேண வேண்டும்.

குப்பி கைக்கு வந்தவுடன் அதனைக் கழுவித் துடைத்துப் பளபளப்பாக்க விழைவது பலர் இயல்பு. உட்புறத்துப் பொடியும், மேற்பரப்பின் மங்கலும், அடிவளையத்து அழுக்கும் சான்றுகள். ஒருமுறை போனால் மீளா. கொல்கத்தாவின் மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். காரம் மிகுந்த கண்ணாடி அக்காலத்தில் வேர்த்ததுபோல் துளிர்க்கும். அவ்வாறு துளிர்ப்பதைக் கண்டால் துடைப்பதற்கு முன் அதனைக் குறித்து வைக்க வேண்டும், ஏனெனில் சேர்க்கையின் குறையை அறிய அதுவும் ஒரு தடயம். அத்தகைய குப்பிக்கு ஏறத்தாழ 40 விழுக்காட்டு ஈரப்பதமே ஏற்றது. ஈரம் உறிஞ்சும் உப்புகளை மிகுதியாக இட்டுப் பெட்டியை அறவே உலரச் செய்வதும் தீங்கு. உலர்ந்த மேற்பரப்பு சுருங்கி வெடிப்புகள் விரியும். குப்பியை அமிலம் கலவாத காகிதத்தில் தளர்வாகச் சுற்றி, மூடியைத் தனியே பொதிந்து, எங்கே, எவரிடமிருந்து, எந்நாளில் பெறப்பட்டது என்ற சீட்டைப் பெட்டியின் வெளியே ஒட்டாமல் உள்ளேயே வைத்து அனுப்புதல் வேண்டும்.